ஒப்பிட்டு ஆராய்க (25 மதிப்பெண்)

ஒரே ஆசிரியரின் நாவல்கள் நான்கு,
பத்துப் பக்கத்துக்கு மிகாமல்.
தொலைநிலைக் கல்விக்காரர்கள் அனுப்பிய தாள்
தக்காளி மண்டியில், கல்லாப் பெட்டிக்கு அடியில்
மூன்று வாரமாய்க் கிடந்து
ஒரு மூலை சிவந்துவிட்டது.

பாலக்கோட்டில் விடியுமுன் ஏலம்.
பெட்டி நூற்றெண்பது, இருநூறு, இருநூற்றுப் பத்து என்று
பச்சியப்பன் கத்தக் கத்த
நான் பில் எழுதுவேன்.
லாரிகள் போனபின்
அதே பில் புத்தகத்தின் முதுகில்
நடுவே ஒரு கோடு:
இந்தப் பக்கம் ஒற்றுமை, அந்தப் பக்கம் வேற்றுமை.
கோடு கிழிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
வரவு, செலவு, கமிஷன், கூலி என்று
பதினோரு வருஷமாய்
இந்தக் கை அதைத்தான் செய்கிறது.

வே. மாதம்மாள், பென்னாகரம் பக்கம்.
‘முப்பதடி’, ‘புளிக் குத்தகை’, ‘ரிக் வண்டி’,
கடைசியாய் ‘மோட்டார் கொட்டகை’.
ஒற்றுமை: எல்லாவற்றிலும் கடன்.
எல்லாவற்றிலும் ஒரு நாய், அதற்குப் பெயர் கிடையாது.
வேற்றுமை: முதல் நாவலில் மழை பெய்கிறது.

அவ்வளவுதான் வந்தது.
பத்துப் பக்கத்துக்கு இது போதாது.

மூன்றாவதைப் படிக்கையில்தான் உறைத்தது,
இவள் எழுதும் பெண்கள்
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.
நூலகத்தில் கிடைத்த ஆய்வு நூல்
அதை நாணம் என்கிறது.
ஒடுங்கிய உடல்மொழி என்கிறது இன்னொன்று.
இரண்டு பேரும் வேறு ஊர்த் தண்ணி குடித்தவர்கள்.

பேனாவை வைத்துவிட்டு
தராசின் எவர்சில்வர் தட்டில்
என் பல்லைப் பார்த்தேன்.
பழுப்பாய் ஒரு கோடு, அதற்குக் கீழ் இன்னொன்று.
பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில்
உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறோம்
நாற்பத்திரண்டு பேர்.
போட்டோக்காரர் சிரிங்க சிரிங்க என்று
எத்தனை தரம் சொன்னார்!

திரும்ப முதல் நாவலுக்குப் போனேன்.
முப்பதடிக் கிணற்றடியில் தொட்டம்மா
தலை பின்னால் சாயச் சிரிக்கிறாள்.
அடுத்ததில் போர் முன்னூறடி,
விரல் நுனி உதட்டுக்கு வந்துவிடுகிறது.
ரிக் வண்டி எழுநூறடி இறங்கும் ராத்திரி
கல்மாவு பறக்கிறது என்ற சாக்கில்
முந்தானை வாய்க்குள் போகிறது.
மோட்டார் கொட்டகை ஆயிரத்து நூறடி.
அதில் யாரும் சிரிக்கவேயில்லை.

ஃப்ளோரைடு என்ற வார்த்தை
நாலு புத்தகத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை.

எழுதினேன், இரண்டு ராத்திரி.
அடிக்குறிப்பில் ஆதாரம் கேட்பார்களே என்று
‘ஆய்வாளரின் பல்’ என எழுதி
அடித்துவிட்டு
பக்கம் 88, 141, 203 என்று போட்டேன்.
பக்கத்தில் என் மகள் தன்ஷிகா
செல்போனைப் பார்த்து
அண்ணம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
ஒகேனக்கல் தண்ணி குழாயில் வந்தபின் பிறந்தவள்.
அவளுக்கு இந்த நாவல்களைக் கொடுத்தால்
என்னத்தைப் புரிந்துகொள்வாள்
என்று நினைத்தபோது வந்தது
சந்தோஷமா பொறாமையா, தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறைத்தேன்.
‘புளிக் குத்தகை’, பக்கம் 112:
தொப்பூர்க் கணவாயில் பிரேக் சூடேறி
பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குகிறார்கள்.
கண்டக்டர் ஏதோ சொல்கிறான்.
வேடியம்மா சிரிக்கிறாள்.
அந்த வாக்கியம் அத்தோடு முடிகிறது.
கை எங்கே இருந்தது என்று இல்லை,
பல்லின் நிறம் இல்லை,
அவன் என்ன சொன்னான் என்பதுகூட இல்லை.
அவளும் அதே முன்னூறடித் தண்ணி குடித்தவள்தான்.
என் அட்டவணையில்
எங்கே வைத்தாலும் இடித்தாள்.
விட்டுவிட்டேன்.

கட்டுரை தபாலில் போய் ஒன்பது நாள்.
இன்று தக்காளி எண்பதுக்கு விழுந்தது.
மண்டி காலியானபின் பில்லைக் கூட்டுகிறேன்,
மறுபடியும் கூட்டுகிறேன்.
ஒரு பெட்டி உதைக்கிறது.